கம்பத்து ஷெட்டில் நிற்கும் ஜீப்பும் இங்கே நான் பிரித்துக் கோத்த வண்டியும்

மெல்போர்ன்,
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நானும் உங்கள் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் அம்மாவும் தம்பி குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அம்மாவின் முழங்கால் வலிக்குக் கேட்ட தைலத்தை, அடுத்த மாதம் ஊருக்கு வரும் தேனி நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன ஞாயிறு போனில், "அப்படி என்னதான் அந்தப் பழைய வண்டியைப் போட்டு ஒன்றரை வருடமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டீர்கள். அதே பேச்சில், நம் ஷெட்டில் நிற்கும் மகிந்திரா எம்எம்540 ஜீப்பை அகல டயர் போட்டு உயர்த்தித் தரும்படி ஒரு பட்டறையில் விடப்போவதாகத் தம்பி சொன்னான். இரண்டுக்கும் போனில் பதில் சொல்லி முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தம்பியிடமும் படிக்கக் கொடுங்கள்.

இந்த ஊரில் மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி, நம் ஊரில் பல நாள் கூலிக்குச் சமம். அதனால் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர்கூடச் சனிக்கிழமையானால் வண்டிக்கு அடியில் படுத்துவிடுகிறார். வீட்டிலேயே வெல்டிங் மெஷினும் ஏர் கம்ப்ரஸரும் வைத்திருப்பதை யாரும் விசேஷமாக நினைப்பதில்லை. குடிவந்த புதிதில் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வழியில்லாமல் இருந்த நான், இந்த வண்டியை வாசலில் இறக்கிய மறுநாளே பக்கத்து வீட்டுப் பெரியவருடன் இரண்டு மணி நேரம் பேசினேன். அவர் தம் ஷெட்டிலிருந்து, கனம் தூக்கும் செயின் பிளாக்கை உருட்டிக்கொண்டு வந்து, "வேலை முடியும்வரை இது உன்னிடமே இருக்கட்டும்" என்று விட்டுப்போனார். இந்த ஊர் எனக்கு ஊராக ஆனது அன்றிலிருந்துதான்.

வண்டி 1983ஆம் ஆண்டு டொயோட்டா லேண்ட் க்ரூசர், எச்ஜே47 என்ற ரகம். 2எச் என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 3980 சிசி. டைமிங் பெல்ட் கிடையாது, பற்சக்கரம்தான். கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லை. குளிரில் ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். போடிமெட்டுப் பனியில் நம் ஜீப்பின் பியூஜோ எஞ்சினுக்கு நீங்கள் காத்திருந்ததுபோலவேதான் நானும் இங்கே காலை ஆறு மணிக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

இந்த வண்டி இந்த நாட்டில் பேர் வாங்கிய விதம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு எளிதில் புரியும். 1949இல் தொடங்கி 1974இல் முடிந்த ஸ்னோயி மலைத் திட்டம் என்று ஒன்று இங்கே உண்டு. கடலுக்கு ஓடிய தண்ணீரை 16 பெரிய அணைகளில் தேக்கி, மலையைக் குடைந்து, மறுபுறத்து வறண்ட நிலத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். 1895இல் பென்னிகுயிக் பெரியாற்றுத் தண்ணீரை நம் பக்கம் திருப்பிவிட்டாரே, அதே எண்ணம்தான், அளவுதான் பெரிது. அந்த மலையில் வேலையெடுத்த தீஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் ஜப்பானிலிருந்து லேண்ட் க்ரூசர்களை இறக்கி, சேற்றிலும் பனியிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இங்கே மற்றவர்களும் அவற்றை நம்பி வாங்கினார்கள். லோயர் கேம்ப்புக்கு நீங்கள் என்னைத் தோளில் தூக்கிப்போனது, அந்த மலைக்கு முதன்முதல் போனபோது நினைவுக்கு வந்தது.

ஆனால் நான் இந்த ரகத்தைத் தேடி வாங்கியதற்குக் காரணம் எஞ்சின் அல்ல. இதன் பின்பகுதியில் இருபுறமும் நீளவாக்கில் எதிரெதிரே பெஞ்சு இருக்கைகள் இருந்தன. விற்பவர் பின்கதவைத் திறந்து காட்டியதும், விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நம் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் அத்தைமாரும் சின்னம்மாமாரும் அப்படியே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

வாங்கியபின்தான் அதன் நோய் தெரிந்தது. முந்தைய சொந்தக்காரர் கடற்கரை மணலில் ஓட்டியிருக்கிறார். உப்பு ஏறிய தகட்டின்மேல் கனமாகப் பட்டி வைத்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போவீர்களே, அதே மாதிரி நானும் தட்டிக்கொண்டு போனேன். நல்ல தகடு "டங்" என்றது. பின்சக்கர வளைவிலும் தரைத் தகட்டின் ஓரத்திலும் பின்கதவுக்கு அடியிலுள்ள சட்டத்திலும் "டொப்" என்று செத்த ஓசை வந்தது. அந்த இடங்களைச் சுரண்டினால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது, அதற்குப் பின்னால் தகடே இல்லை.

ஆறு மாதம் துருவோடுதான் போயிற்று. துருவின்மேல் எதைப் பூசினாலும் அது உள்ளுக்குள் தின்றுகொண்டேதான் இருக்கும். நல்ல தகடு வெள்ளையாகத் தெரியும்வரை வெட்டி எறிய வேண்டும். அட்டையில் அளவெடுத்து, புதுத் தகட்டை வளைத்து, இடைவெளியில்லாமல் பொருத்திப் பிறகு வெல்டு வைக்க வேண்டும். முதல் துண்டுக்கு ஆசையாக ஒரே மூச்சில் கோடாக வெல்டு இழுத்தேன், தகடு அப்பளம்போல் நெளிந்துவிட்டது. அதை வெட்டிப்போட்டு, இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி அங்கே ஒரு புள்ளி, சூடு ஆறியபின் இடையில் ஒரு புள்ளி என்று வைத்தபோதுதான் நேராக நின்றது. ஒரு சக்கர வளைவுக்கு மட்டும் மூன்று சனி ஞாயிறு பிடித்தது. வெளியே ஜிங்க் பிரைமரும் பெயிண்டும் அடித்தேன். சட்டங்களின் உட்புறத்தில், பார்வைக்குத் தெரியாத இடத்தில், மெழுகு கலந்த எண்ணெயைக் குழாய் விட்டுப் பீய்ச்சினேன். உள்ளிருந்துதான் துரு பிறக்கிறது என்பதால் பெயிண்டைவிட இந்த எண்ணெய்க்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்தது முன் ஆக்சில். ஆக்சில் முனையில் சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளைத் திறந்ததும் கிரீஸும் கியர் ஆயிலும் கலந்து கறுப்புக் கூழாக வழிந்தது. ஆக்சிலுக்குள் இருக்கும் ஒரு சிறிய ஆயில் சீல் தேய்ந்துபோனால் இப்படித்தான் ஆகும். அந்தச் சீலையும் பேரிங்குகளையும் மாற்றிக் கோக்கும்போது, நக்கிளின் மேலும் கீழும் உள்ள கிங்பின் பேரிங்கின் இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டியரிங் கையில் ஒரு தொங்கு தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அது அசைகிறது என்று படிக்கச் சொல்கிறது மேனுவல். குறைந்தால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை எடுக்க வேண்டும், கூடினால் சேர்க்க வேண்டும். நான் மாட்டியது எந்தத் தராசு தெரியுமா அப்பா? தோட்டத்தில் பச்சை ஏலக்காய் எடை போட நீங்கள் வைத்திருந்து, நான் புறப்பட்ட அன்று அம்மா ஏனோ பெட்டியில் போட்டுவிட்ட அந்தக் கொக்கித் தராசுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதை மெல்ல இழுத்தபோது, முள் நடுங்கி ஓரிடத்தில் நின்று, நக்கிள் வழுக்கினாற்போல் அசைந்தது. இரண்டு ஷிம் மாற்றி ஐந்தாவது தடவையில் அளவு சரியாக வந்தது.

பிரேக்கில் ஒரு தவறு நடந்தது. பெடல் கல்லாக இருந்ததற்கு மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம் என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பிப் புதிதாக வாங்கி மாட்டினேன்; பெடல் அப்படியே இருந்தது. "எஞ்சின் ஓடும்போதும் கல்லாக இருந்தால் முதலில் வாக்குவத்தைப் பாரு" என்று நீங்கள் போனில் சொன்ன பிறகுதான் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சிப் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வாக்குவம் பம்பைக் கழற்றினேன். அதன் தகடுகள் தேய்ந்திருந்தன. சுமார் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீங்கள் சொன்ன ஒரு வாக்கியம் சரியாக இருந்ததை உங்கள் மருமகள் இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனி, மாற்றங்கள். இங்குள்ள நண்பர்கள் பலர் வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தச் சொன்னார்கள். நான் உயர்த்தவில்லை. வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையை உயர்த்தினால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாப்டின் கோணம் மாறி யூனிவர்சல் ஜாயின்ட் சீக்கிரம் போகும்; ஸ்டியரிங் நேராகத் திரும்பி வருவது குறையும்; வளைவில் வண்டி சாயும். பெரிய டயர் போட்டால் கியர் கனத்துப்போகும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், பிரேக்குக்கும் பாரம் கூடும். ஜீப் மாதிரி வண்டிகளுக்கு, கம்பெனி குறித்த அளவைவிட டயரின் விட்டம் 50 மில்லிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்று இங்கே விதியும் உண்டு. அந்த 50 மில்லிமீட்டரையும் போட்டால்கூட வண்டி உயர்வது பாதிதான், 25 மில்லிமீட்டர். ஆகவே பழைய 7.50-16 அளவிலேயே டயர் வாங்கினேன். ஒடுங்கிய டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கிறது.

மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்களும் நம் ஜீப்பை மாற்றியவர்தான். பின்பட்டையில் கூடுதல் பட்டை சேர்த்தீர்கள், மேலே கேரியர் கட்டினீர்கள், மழைச்சாரல் பெண்கள்மேல் அடிக்காமலிருக்கப் பக்கப் படுதாவுக்கு நீங்களே கொக்கி வைத்தீர்கள். ஒவ்வொன்றும் ஏற்றிய பாரத்தையும் ஏறிய மலையையும் பார்த்துச் செய்தது. வண்டி என்ன வேலை செய்யப் போகிறது என்று கேட்டுக்கொண்டு செய்வதைத்தான் நான் மாற்றம் என்பேன்.

என் வண்டியின் வேலை, உங்கள் பேத்தியைக் காட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது. ஆகவே நான் ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பெஞ்சுகளையே கழற்ற வேண்டியதாயிற்று. இங்கே 7 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட தனி இருக்கை கட்டாயம். பக்கவாட்டுப் பெஞ்சில் அதைக் கட்ட முடியாது. தரைக்கு அடியில் கனத்த தகடு வைத்து, முன்னோக்கிய இருக்கையும் தோளோடு சேர்ந்த பெல்ட்டும் பொருத்தி, அதற்கென அங்கீகாரம் பெற்ற பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலுள்ள எண்ணையும் டார்ச் அடித்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் கவிழ்ந்ததாகச் செய்தி வரும் நாள்களில், நீங்கள் வீடு வந்து சேரும்வரை அம்மா வாசலிலேயே நின்றது எனக்கு மறக்கவில்லை. பெஞ்சைக் கழற்றிய வருத்தம் அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது. கழற்றியதை விற்கவில்லை, ஷெட்டில் சுவரோரமாகப் போட்டு அதில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறேன்.

சாலைத் தகுதிச் சான்று இரண்டாவது தடவையில் கிடைத்தது. மலைப்பாதைகளை மழையிலும் பனியிலும் கெட்டுப்போகாமலிருக்க ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை பூட்டிவிடுகிறார்கள். திறந்ததும் போவோம்.

இப்போது தம்பிக்கு. அகல டயரும் உயரமும் வேண்டாம். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில்தான், கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குமுளி தாண்டினால் அங்கே வண்டியை நிறுத்திப் பார்ப்பதில் கண்டிப்பானவர்கள் என்பது உனக்கே தெரியும். கிங்பின், பட்டை புஷ், பிரேக், வயரிங், இவற்றை முதலில் முடி. டேங்கில் கிடக்கும் பழைய டீசலை வடித்துவிடு. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் சுற்றிப் பார். மண்தரையின் ஈரம் ஏறாமல் நான்கு பக்கமும் கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி வை. ஆர்சி என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் நாள் எப்போது என்று பார்த்துச் சொல். 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது உண்டு. செலவில் பாதி நான் அனுப்புகிறேன்.

டிசம்பரில் ஒரு மாதம் விடுப்புக் கிடைத்திருக்கிறது. பின் ஆக்சிலை நாம் மூவருமாகப் பிரிக்கலாம், அதுவரை பட்டறைக்கு அனுப்ப வேண்டாம். அப்பா, நீங்கள் பின்பட்டையில் சேர்த்தது ஒரு பட்டையா, இரண்டா? இனி ஜீப்பில் வீட்டு ஆட்கள் மட்டும்தானே ஏறப்போகிறார்கள். சேர்த்ததை எடுத்துவிட்டால் அம்மாவுக்கு முதுகு குலுங்காது என்று நினைக்கிறேன். அதற்கேற்ற நீளத்தில், பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் இங்கிருந்தே வாங்கிவர வேண்டும். நீங்கள் பார்த்து, பட்டைக் கட்டின் கனத்தை அளந்து எழுதத் தம்பியிடம் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்.