வெட்டாமல் விட்ட மரம்

அன்புள்ள சபையாருக்கும் ஊராருக்கும்,

என் மனைவி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். அந்த நாற்பத்தொரு நாள்களைப் பற்றி நீங்கள் அறியாதது ஒன்றுமில்லை. இரத்தம் கொடுத்த வாலிபர்கள், நடுச்சாமத்திலும் ஆட்டோ எடுத்து வந்தவர்கள், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பெண்கள் ஐக்கிய சங்கத்தார், பசுவுக்குப் புல் அறுத்துப் போட்ட பக்கத்து வீட்டார் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

இம்மடலை எழுதத் தூண்டியவர் ஒருவர் உண்டு. பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால், ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் அவரை, பால் வெட்டும் அண்ணன் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். மாற்றுத்துணி எடுக்க ஓர் இரவு ஊருக்கு வந்திருந்தபோது, விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் ரப்பர் விளையில் ஒரு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்வதைக் கண்டு திருடன் என்றே எண்ணினேன். நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு அவர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கடைசியில், பாலை உறையவைத்து எடுத்த ரப்பர் ஷீட்டை விற்ற பணத்தையும் ஒரு பள்ளி நோட்டையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். தேதி, ஷீட்டின் எண்ணிக்கை, மழை பெய்த நாள்களில் ‘மழை’ என்ற ஒரு சொல். கூலி என்று எதுவும் கழிக்கப்படவில்லை.

நான் வெட்கப்பட்டதற்குக் காரணம் வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகனை அடக்கம் செய்த நாளில் ஜெபம் நடத்தியவன் நான். ‘கத்தி படாமல் ரப்பர் மரம் பால் தராது, தேவனும் அப்படித்தான் நம்மைக் கீறுகிறார்’ என்று, கத்தி பிடித்தே பிழைக்கும் அந்த மனிதரிடம் உவமை சொன்னேன். பலரும் பாராட்டிய உவமைதான் அது.

மருத்துவமனை வராந்தாவில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபின் புத்தகத்தை வேதாகமத்தில் மீண்டும் வாசித்தேன். அவனுடைய மூன்று நண்பர்களும் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்; வாய் திறந்து காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் பிழை செய்தார்கள், தேவனுடைய கோபமும் அவர்கள்மேல்தான் வந்தது. யோபுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. இதே கதையைத்தான், கால்நடைகளை இழந்து கலங்கி நின்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளைக்கு, அந்நாட்டுப் படையின் டி லனாய் தளபதி சொன்னதாக நம் பக்கத்தில் சொல்லிவருகிறார்கள். யோபு இழந்தது இரண்டத்தனையாய்த் திரும்பியது. 1745இல் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கோ 1752இல் காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டுதான் கிடைத்தது. ஆகவே இதைக் கைம்மாறு பெறும் கதையாக இனி என்னால் வாசிக்க முடியாது. சிலுவையில் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று இயேசுவே கேட்டார். அந்த ‘ஏன்’ நம்மோடு நின்று கேட்கப்பட்டது என்பதே எனக்கு இப்போது போதுமானதாக இருக்கிறது. அந்த உவமையை இனி எந்தத் துக்க வீட்டிலும் சொல்லமாட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘கிணற்றடி மரம் வெட்டவில்லை. காயம்’ என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தேன். முன்பு யாரோ ஆழமாக வெட்டி, கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருந்தது. பால் பிடிக்கும் சிரட்டையையும் கழற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், அன்று சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அக்கா கஞ்சி குடிக்காவளா சாரே?” என்று கேட்டார்.