தலைக்கவசம் என்னிடம்தான் இருக்கிறது

தம்பி,

இன்று டிசம்பர் 2. இந்தத் தேதியை என் மண்டைக்குள் ஏற்றிவிட்டவன் நீதான். 1893-இல் இதே நாளில் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரிப் பிள்ளைகள் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியை 6–4 என்று வென்றார்கள். அமெரிக்கக் கால்பந்தின் விதிகள் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அந்த 6–4 மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

அந்த வாரம் நடந்தது உனக்குத் தெரியும். பெரியப்பாவும் இதைப் படிப்பார் என்பதால் மருத்துவர் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது நம் சமையலறை மேசைதான். நீ மறுபடி ஆட நான் கையெழுத்திட வேண்டிய படிவம் ஒரு பக்கம், ஆறிப்போன தோசை ஒரு பக்கம். நீ வேண்டுமென்றே தமிழில் பேசினாய். நீ தமிழில் கேட்டால் நான் இளகிவிடுவேன் என்பது உனக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

அன்னபோலிஸ் ஆட்டக்காரர் ஜோசப் ரீவ்ஸின் கதையைச் சொன்னாய். தலையில் இன்னோர் அடி விழுந்தால் உயிர் போகும், இல்லையென்றால் புத்தி பேதலிக்கும் என்று மருத்துவர் எச்சரித்தாராம். அவரோ ஊரில் செருப்புத் தைப்பவரிடம் போய்த் தலைக்கு ஒரு தொப்பி தைத்து வாங்கிக்கொண்டு இந்த 6–4 ஆட்டத்தில் இறங்கினாராம். "பின்னாளில் கடற்படைக்கே தலைமைத் தளபதி ஆனார் அப்பா. புத்தி பேதலித்தவரிடமா கப்பல்களைக் கொடுப்பார்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்து டென்னிஸ் மிச்சி. 1890-இல் வெஸ்ட் பாயிண்டின் முதல் அணியைத் திரட்டியவர். அவருடைய அப்பா அங்கேயே பேராசிரியர், மகனுக்காகப் பேசி அனுமதி வாங்கித் தந்தவர். முதல் ஆட்டத்தில் 24–0 என்று தோற்றார்கள். மறு ஆண்டு 32–16 என்று வென்றார்கள். "அந்த அப்பா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாய்.

நான் நிறுத்திக்கொள்ளவில்லை. "அந்தப் பிள்ளை இருபத்தெட்டு வயதில் செத்துப்போனது தெரியுமா?" என்றேன்.

"அது 1898-இல், கியூபாவில், போரில்" என்று மெதுவாகச் சொன்னாய். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். என்றோ இறந்துபோன யாரோ பெற்ற பிள்ளையை எடுத்து உன்னை அடித்தேன். அதற்கு மன்னித்துவிடு. கையெழுத்துப் போடாததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

ஏன் கேட்க வேண்டும்? ரீவ்ஸ் ரீவ்ஸ் என்றாயே, அவராவது மருத்துவரிடம் போனார். நீ மூன்று நாள் மறைத்தாய். வாந்தி எடுத்துவிட்டு, வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அம்மா உனக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். மண்டையில் அடிபட்ட பிள்ளைக்கு ரசம்! அவள் அதைச் சொல்லி அழுததை நீ பார்க்கவில்லை. சரி, விடு.

நீ போன பிறகு மிச்சத்தையும் தேடிப் படித்தேன். அந்த 1893 ஆட்டத்தை வைத்து ஓர் அட்மிரலும் ஒரு ஜெனரலும் துப்பாக்கிச் சண்டைக்கே போகப் பார்த்தார்கள் என்பார்கள். விஷயம் அதிபர் கிளீவ்லண்டின் அமைச்சரவை வரை போயிற்று. எந்த அணியும் தன் ஊரை விட்டு வெளியே போய் ஆடக் கூடாது என்று உத்தரவு. அவரவர் மைதானத்தில் அவரவர். 1899 வரை இரண்டும் மோதவே இல்லை. நமக்கு இது ஏழாவது ஆண்டு, தம்பி. அவர்களையும் மிஞ்சிவிட்டோம்.

தலைக்கவசத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றது பொய். கார் கொட்டகையில், அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். 1899-இல் அவர்கள் மறுபடி ஆடியது பிலடெல்பியாவில், இருவருக்கும் பொதுவான ஊரில். அங்கிருந்து உன் வீடும் இரண்டு மணி நேரம், என் வீடும் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை என்றால் எனக்கு வசதி.

தாடைவார் அறுந்திருக்கிறது. தைத்து வைக்கட்டுமா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா