பெல்ட் மாற்றிய கணக்கையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் நான் முதலில் புரட்டுவது வாகன விற்பனை விளம்பரங்களைத்தான். ‘ஏசி, பவர் ஷட்டர், எஞ்சின் நல்ல நிலை.’ அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் எங்கள் பழைய கொரோலா டீசல் வேகனை வாங்கினோம்.

மருதமுனையில் கைத்தறிச் சேலை எடுத்து மட்டக்களப்புக் கடைகளுக்குப் போடுகிறவள் நான். போன மாதம் கிரான்குளம் தாண்டும்போது டக்கென்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. டீசல் முடிந்ததாக்கும் என்று சாவியை ஆறேழு தரம் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட இலேசாகச் சுர்ரென்று சுற்றியது. அப்படிச் சுற்றினால், பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓட வைக்கிற பல் வைத்த பட்டியான டைமிங் பெல்ட் போய்விட்டது என்று சந்தேகப்பட வேண்டும், சாவியைத் தொடவே கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். பெல்ட் போனதும், காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடுகிற வால்வுகள் நின்ற இடத்தில் நின்றுவிடும். திறந்தபடி நின்றவற்றைப் பிஸ்டன் வந்து இடிக்கும். சாவியைத் திருப்பத் திருப்ப இன்னும் இடிக்கும்.

முதலில் போன கராஜில் பொனட்டைத் திறந்து பார்த்தார்கள், பெல்ட் மூடியைக் கழற்றவில்லை. “எஞ்சின் முடிஞ்சுது, ரீகண்டிஷன் எஞ்சின் போடுங்க, நாலரை இலட்சம்.” இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு!

காத்தான்குடியில் ஒரு மெக்கானிக் நானாவிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை தரம் ஸ்டார்ட் அடிச்சீங்க, தங்கச்சி?” மூடியைக் கழற்றினார். பெல்ட் அறுந்திருக்கவில்லை. பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங் தண்டின் பல்சக்கரம் பிடிக்கிற இடத்தில் பற்கள் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தன. பக்கத்து ஒயில் சீல் கசிந்து பெல்ட் முழுக்க ஒயிலில் ஊறியிருந்தது. மறுகா பிஸ்டன்கள் நாலும் பாதி வழியில் நிற்கும்படி கிராங்கைக் கையால் திருப்பி வைத்துக்கொண்டு, வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டைச் சுற்றிச் சுற்றி எட்டு வால்வுக்கும் பீலர் கேஜ் என்கிற அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தார். மூன்றில் இடைவெளி கூட. வளைந்த வால்வு முழுதாக மேலே வந்து மூடாது, அதனால் கேமுக்குக் கீழே இடைவெளி விழும் என்றார்.

அதோடும் விடவில்லை. கேமைக் கழற்றி, ஹீட்டர் பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று அடித்து, என்னையே காது வைத்துக் கேட்கச் சொன்னார். சைலன்சரில் இரைந்தால் புகை போகிற வால்வு. எயர் கிளீனர் பக்கம் இரைந்தால் காற்று வருகிற வால்வு. ஒயில் மூடியில் பலமாக வந்தால் பிஸ்டன் பக்கம் கோளாறு. ரேடியேட்டரில் குமிழி வந்தால், ஹெட் என்கிற எஞ்சின் மேல்மூடியில் வெடிப்போ, அதன் அடியில் உள்ள கேஸ்கட்டில் கோளாறோ. எங்களுக்கு இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்கள் மட்டும் இரைந்தன. சேலைக் கரையில் இழை விட்ட இடம் தேடிப் பழகிய எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஹெட்டை இறக்கினார். பிஸ்டன் தலையில் பிறை மாதிரித் தழும்புகள், ஓட்டை இல்லை. நாலு பிஸ்டனும் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா என்று டயல் வைத்து அளந்தார். ஒன்று குறைந்தால், பிஸ்டனைக் கிராங்கோடு சேர்க்கிற கொன்ராட் வளைந்திருக்குமாம். எல்லாம் சரி. வால்வுகளைக் கண்ணாடி மேல் உருட்டியதில் நாலாவதாக ஒன்றும் தள்ளாடியது. வால்வு எட்டு, லேத் வேலை, பெல்ட், டென்சனர், சீல்கள் என்று எல்லாமாக ஒன்றேகால் இலட்சம் முடிந்தது. கழற்றிய சாமானையும் பையில் போட்டுத் தந்தார்.

ஒன்று மட்டும் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பல டொயோட்டா டீசல்களில் 100,000 கிலோமீற்றர் ஆனதும் பெல்ட் மாற்றச் சொல்லி டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். எங்கள் வண்டியில் அது எரியவே இல்லை. மீற்றரைக் கழற்றிப் பார்த்தால் பல்ப் இல்லை!

ஆகவே ஐயா, வாகன விளம்பரம் எடுக்கும் உங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா? ‘டைமிங் பெல்ட் மாற்றியது எத்தனையாவது கிலோமீற்றரில்?’ பதில் எழுதாதவர்களின் விளம்பரத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.