தாமிரபரணி வெள்ளமும் தூர்ந்த அணையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் கொட்டினால் எந்த ஊர்தான் தாங்கும்? ஆனால் பழியை மழை மீது மட்டும் போட்டுவிட என் மனம் ஒப்பவில்லை.

தாமிரபரணியின் கடைசி அணை திருவைகுண்டத்தில் இருக்கிறது. அதைத் தூர்வார வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-லேயே உத்தரவிட்டது. அணைக்குள் மண்மேடும் முட்செடியும் மண்டிக் கிடந்தால் வெள்ளம் எங்கே போகும்? குளக்கரைகளை உடைத்துக்கொண்டு ஊருக்குள்தான் வரும். வந்தது.

ஏரல் கடைவீதியில் தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தேன். ஊறிப்போன அரிசி மூட்டைகள், சேறு அப்பிய துணிக்கட்டுகள், பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட கணக்கு நோட்டுகள். வாழை போனால் அடுத்த ஆண்டு கன்று வைக்கலாம். வெற்றிலைக் கொடிக்கால் அழுகினால் மீண்டும் கொடி ஏற்றி, இலை கிள்ளும் வரை குடும்பம் எதைத் தின்னும்?

திருவைகுண்டம் நிலையத்தில் ரயிலோடு சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டார்கள். அவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அணையைத் தூர்வாருங்கள், குளக்கரைகளைப் பலப்படுத்துங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் எவ்வளவு தண்ணீர் திறக்கப்படுகிறது என்பதைக் கரையோர ஊர்களில் இரவானாலும் ஒலிபெருக்கி வைத்து அறிவியுங்கள்.

- ஒரு வாசகர், ஏரல்