பின்சீட் பெல்ட்டின் பக்கிளை மூடிய சீட் கவர்: கார் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
கார் உரிமையாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாண்மை இயக்குநர்,
கார் உற்பத்தி நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் ஷோரூமில் மாட்டிய சீட் கவர், பின்சீட் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிள்களை மறைத்தது, விபத்தில் ஓர் உயிர் போனது, அதற்குப் பொறுப்பேற்கக் கோருவது தொடர்பாக.

ஐயா,

என் முதல் புகாருக்கு உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மூன்று வரியில் பதில் அனுப்பியிருக்கிறது. சீட் கவர் ஒரு துணைப்பொருள், அது காரின் உத்தரவாதத்தில் வராது. அதை மாட்டியது டீலர், அவர் தனி நிறுவனம். விபத்தின்போது காரின் பாதுகாப்பு அமைப்புகள் சரியாகவே வேலை செய்திருக்கின்றன. கடைசி வரி உண்மை. முன்னால் இரண்டு ஏர்பேகும் விரிந்தன. பெல்ட் போட்டிருந்த என் அண்ணனும் அவர் மகனும் உயிரோடு இருக்கிறார்கள். பின்சீட்டில் இருந்த அண்ணனின் மனைவி, என் மைனி, இல்லை. முதல் இரண்டு வரிகளையும் நான் ஏற்கவில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு என் காரில் அவர்கள் ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தார்கள். வில்லுக்குறி தாண்டி, தக்கலைக்கு முன்னால், லைட் போடாமல், பின்னால் ஒளிரும் பட்டைகூட ஒட்டாமல் ரோட்டோரம் நின்ற டிப்பர் லாரியின் பின்பக்கத்தில் கார் மோதியது. எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சத்தில் லாரி அண்ணன் கண்ணில் படவே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 66 என்று அதற்குப் பெயர். ஆனால் சுங்கான்கடையிலிருந்து களியக்காவிளை வரை கடைகளும் வீட்டு வாசல்களும் ரோட்டை ஒட்டியே இருக்கின்றன. பெரும்பகுதியில் நடுத்தடுப்பு கிடையாது. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டிப்பர்கள் இந்த ரோட்டில்தான் ஓடுகின்றன, இந்த ரோட்டிலேயே நிற்கின்றன. நான்குவழிச் சாலை வரும் வரும் என்று சொல்லிக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

மோதிய வேகத்தில் மைனி முன்சீட்டின் பின்பக்கத்தில் வந்து விழுந்தார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். வயது 54.

பெல்ட் போடாதது பயணியின் தவறு என்பீர்கள். மைனி 17 ஆண்டு குவைத்தில் நர்சாக வேலை பார்த்தவர். விபத்து வார்டில் இருந்தவர். பின்னால் உட்கார்ந்தாலும் பெல்ட் போடாமல் அவர் எந்தக் காரிலும் போனதில்லை. ஊர் டாக்ஸியில் ஏறினால்கூட முதலில் கை பெல்ட்டைத்தான் தேடும். 2024 தொடக்கத்தில் இந்தக் காரை டெலிவரி எடுக்கப் போனபோதும் அவர்தான் பின்சீட்டில் முதலில் ஏறினார். பெல்ட்டை இழுத்தார், சீட்டைத் தடவினார், பிறகு இறங்கி வந்து கேட்டார்: “பெல்ட்டு கெடக்கு, மாட்டுக எடம் எங்க?” சாவி கொடுக்க நின்ற பையன் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: “பின்னால யாரு பெல்ட்டு போடுவாவ மேடம்? அது கவருக்க அடியில இருக்கு. சர்வீசுக்கு வரும்போ வெட்டித் தாறோம்.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

முதல் சர்வீசுக்கு விட்டபோது மைனி சொல்லி, செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதவைத்தார்: பின்சீட் பெல்ட் பக்கிள் வெளியே தெரியவில்லை, கவரைச் சரிசெய்து தரவும். அந்த வரிக்கு எதிரே உங்கள் சர்வீஸ் சென்டர் எழுதியிருப்பது, “கஸ்டமருக்கு விளக்கப்பட்டது.” விளக்கியது என்ன? நாமே வெட்டினால் தையல் பிரிந்துவிடும், கவருக்கு வாரண்டி போய்விடும், கம்பெனியிலிருந்து சரியான கவர் வரவழைத்து அடுத்த சர்வீஸில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். அடுத்த சர்வீசுக்குக் கார் போகவில்லை. ஜாப் கார்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்த பிறகு, கார் நின்ற யார்டுக்கு நான் போனேன். கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்புத் தையல், முதுகுப் பகுதியில் உங்கள் நிறுவனத்தின் சின்னம் எம்பிராய்டரியில். உட்காரும் பகுதிக்கு ஒரே துண்டாகத் தைத்த கவர், சீட்டுக்கு அடியில் கொக்கி போட்டு இழுத்துக் கட்டியிருந்தது. பக்கிள் வெளியே வர ஓர் ஓட்டைகூட வைக்கவில்லை. கையை வைத்து அழுத்தினால் மூன்று இடத்தில் கட்டிபோலத் தட்டுப்பட்டது. பிளேடால் கீறிப் பார்த்தேன். மூன்று பக்கிளும் ஃபோமுக்குள் படுத்துக் கிடந்தன. சிவப்புப் பொத்தானில் ‘பிரஸ்’ என்ற எழுத்து புத்தம் புதிதாக இருந்தது, ஒரு கீறல் இல்லை. ஷோரூமை விட்டு வந்த நாள் முதல் அந்தப் பொத்தானை ஒருவரும் அழுத்தியதில்லை. அழுத்த வழி இல்லை.

இப்போது உங்கள் முதல் வரிக்கு வருகிறேன். அந்தக் கவர் ரோட்டோரக் கடையில் வாங்கியது அல்ல. உங்கள் துணைப்பொருள் கேட்லாக்கில் இந்த மாடலுக்கென்று போட்டிருப்பது. பார்ட் எண் இருக்கிறது, பில்லும் உங்கள் ஷோரூமில் காருடன் சேர்த்துப் போட்டதுதான். ‘ஒரிஜினல்’ என்று சொல்லி வெளியே விற்பதைவிடக் கூடுதல் விலை வாங்கிக்கொண்டு, உயிர் போனதும் ‘துணைப்பொருள்’ என்று ஒதுங்குவது எந்த நியாயம்? இந்தக் கவரை வரைந்தவர், தைத்தவர், கேட்லாக்கில் சேர்க்க ஒப்புதல் கொடுத்தவர் என்று உங்கள் நிறுவனத்தில் ஒருவராவது இதை ஒரு சீட்டில் மாட்டிப் பார்த்து, பின்னால் உட்கார்ந்து, பெல்ட் போட்டுப் பார்த்தாரா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டும்.

இரண்டாவது வரி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் ஏற்படும் தீங்குக்கான பொறுப்பு பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது, பிரிவு 82 முதல் 87 வரை. பயன்பாடு குறித்துப் போதுமான எச்சரிக்கையோ அறிவுரையோ தராவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது பிரிவு 84. பொருளை மாற்றி அமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமாகிவிட்டால் விற்பவரும் பொறுப்பு என்கிறது பிரிவு 86. மாற்றியது நாங்கள் அல்ல, உங்கள் சின்னம் மாட்டிய ஷோரூம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182ஏ, பாதுகாப்பு விதிகளுக்குப் புறம்பாக வண்டியை விற்கும் தயாரிப்பாளரோடு டீலரையும் சேர்த்தே தண்டிக்கிறது: ஒரு வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்க அந்தச் சட்டம் இடம் வைக்கவில்லை.

காரைப் பார்க்க வந்த உங்கள் பிரதிநிதி, மோதிய வேகம் என்ன என்று கேட்டார். அந்த வேகத்தில் பெல்ட் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார். அதே காரில், அதே வேகத்தில், பெல்ட் போட்ட இருவர் முன்னால் இருந்து பிழைத்திருக்கிறார்கள். ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் பிரதிநிதிகளுக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கக் கொடுங்கள்.

முன்சீட்டில் இருந்தவர்களைக் காப்பாற்றிய ஏர்பேகுகள் உங்கள் நல்லெண்ணத்தால் வந்தவை அல்ல. ஓட்டுநர் பக்க ஏர்பேகும் முன்சீட் பெல்ட் எச்சரிக்கை ஒலியும் 2019 ஜூலையில் கட்டாயமாயின. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் 2021இல் புது மாடல்களுக்கு முதலிலும், அந்த ஆண்டு முடிவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. சட்டம் எந்தச் சீட்டுக்கு வந்து சேர்ந்ததோ அந்தச் சீட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தார். அதே மாதம் பின்சீட்டுக்கும் எச்சரிக்கை ஒலி வேண்டும் என்று மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேல் கழித்து நாங்கள் வாங்கிய உங்கள் காரில் அந்த ஒலி இல்லை. ஐரோப்பாவில் 2021 செப்டம்பர் முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் அது இருந்தாக வேண்டும். தொழில்நுட்பம் கையில் இருந்தது, கட்டாயப்படுத்தாத இடத்தில் வைக்க மனம் இருக்கவில்லை. அந்த ஒலி இருந்திருந்தால் கவரின் குறை முதல் நாளே கத்தியிருக்கும், உங்கள் ஷோரூமே அதைக் கழற்றி எறிந்திருக்கும்.

அரசையும் நான் விடப்போவதில்லை. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்டார்கள், அந்த அக்டோபர் என்றார்கள், பிறகு 2023 அக்டோபர் என்றார்கள், கடைசியில் கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே அறிவித்தார். பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை 2023 அக்டோபரில் வந்தது, அதுவும் நிறுவனம் விரும்பினால் மட்டும். ஆனால் பெல்ட் போடாத பயணிக்கு 1,000 ரூபாய் அபராதம் போடுவதில் தயக்கமே இல்லை. ரோட்டைத் தவறாக வடிவமைத்து, பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிர் போனாலும் பொறுப்பானவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 198ஏ விதிக்கும் அதிகபட்ச அபராதம் ஒரு லட்சம் ரூபாய். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம். சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்ல, பயணிகள். நம் தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 17,884 சாலை மரணங்கள். இவர்களில் எத்தனை பேர் பெல்ட்டைத் தேடிக் கிடைக்காமல் விட்டவர்கள் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. மைனியின் பெயரும் ‘பெல்ட் அணியாதவர்’ என்ற கட்டத்தில்தான் ஏறியிருக்கிறது. அந்தப் பதிவைத் திருத்தவும் நான் மனு கொடுத்திருக்கிறேன்.

பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை விற்ற ஐந்து இணைய விற்பனைத் தளங்கள் மேல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கிளிப்புக்கு உள்ள நியாயம் இந்தக் கவருக்கும் உண்டு. இது பெல்ட்டையே மாட்டவிடாமல் செய்கிறது.

ஆகவே நான் கேட்பது. இந்தப் பார்ட் எண் கொண்ட கவரை இன்றே விற்பனையிலிருந்து எடுங்கள். இதுவரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் போனிலும் கடிதத்திலும் தெரிவித்து, இலவசமாகக் கழற்றி, பக்கிளுக்கு வழி வைத்த கவரைக் கொடுங்கள். காரின் குறை கண்ணில் பட்டதும் நிறுவனமே அரசுக்குச் சொல்லித் திரும்பப் பெறும் நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 110ஏ. துணைப்பொருள் என்று சொல்லி இதிலிருந்து நழுவப் பார்க்காதீர்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஓடும் உங்கள் கார்களில் நானே ஏறிப் பார்த்தேன். அதே கவர், அதே மாதிரி மூடிய பக்கிள், பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜாப் கார்டில் ‘விளக்கப்பட்டது’ என்று எழுதியவர் யாருடைய அறிவுறுத்தலில் எழுதினார், கேட்லாக்குக்கு ஒப்புதல் தந்த பிரிவு எது என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். இனி டெலிவரி கொடுக்கும்போது எல்லா சீட்டிலும் பெல்ட் மாட்டிக் காட்டி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் நடைமுறையை எல்லா ஷோரூமிலும் கொண்டுவாருங்கள். அதற்கு உங்களுக்குச் செலவு எதுவும் இல்லை.

இழப்பீடு பற்றி இங்கே எழுதவில்லை. அதற்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தயாராகிறது. பணம் கொடுத்து இந்தக் கடிதத்தை முடித்துக்கொள்ளலாம் என்று யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அண்ணன் அந்த நிலையில் இல்லை.

இதன் நகல்களை மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். கவர், பக்கிள் படங்கள், பில், ஜாப் கார்டு நகல் இணைப்பில் உள்ளன. வெட்டிய கவர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டுமானால் ஆணையத்தின் முன் மட்டுமே தருவேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் உங்கள் கையெழுத்திட்ட பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்,
குலசேகரம்.