எங்கள் பகுதித் தபால்காரர் ஐயாவுக்கு நன்றி

இராணுவத்தில் பணியாற்றி மறைந்த என் தந்தையின் குடும்ப ஓய்வூதியத்தில்தான் என் தாயார் வாழ்ந்து வருகிறார். அது தடையின்றி வர, ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்றிதழ் அளிக்க வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்து அவர் படுக்கையில் இருந்ததால், அஞ்சல் துறையின் ‘இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ்’ வங்கி 2020 முதல் வழங்கும் வீடு தேடி வரும் சேவையை நாடினோம். ஆனால் தேய்ந்துபோன அவருடைய விரல்ரேகையைக் கருவி ஏற்கவில்லை.

ஐயா, முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டு நீங்கள் போயிருக்கலாம். மாறாக, மாலையில் பணி முடிந்த பிறகு, யாரும் அழைக்காமலேயே திரும்பி வந்து, 2021இல் நடைமுறைக்கு வந்த முக அடையாள முறையை உங்கள் சொந்தக் கைப்பேசியில் நிறுவி, வெளிச்சத்துக்காகக் கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தி, அம்மாவைப் பொறுமையாகக் கண் இமைக்கச் சொல்லிச் சான்றிதழைப் பெற்றுத் தந்தீர்கள். எழுபது ரூபாய்க் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் வாங்கவில்லை. தேநீரைக்கூட அம்மா வற்புறுத்தியதால்தான் குடித்தீர்கள்.

அப்போதுதான் நீங்களும் முன்னாள் படைவீரர் என்று தெரிந்தது. எல்லையில் கடிதத்துக்காகக் காத்திருந்தவர் இன்று கடிதம் கொண்டுவருகிறார் என்று அம்மா வியந்தார். பணியில் இருந்தபோது மகளின் சிறுவயதைப் பார்க்க முடியவில்லை என்றும், அதனால் இப்போது தனிவகுப்பிலிருந்து அவளை அழைத்துவரும் வேலையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்றும் கூறி விரைந்தீர்கள்.

பெயர் கேட்கத் தவறிவிட்டோம். இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள், ஐயா. மகளையும் அழைத்து வரச் சொல்கிறார் அம்மா.