காணி உறுதி இல்லாதவர்களுக்கும் கொடுப்பனவு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலைநாட்டில் மழைநீரை ஏந்தி ஆறுகளுக்குத் தரும் நீரேந்துப் பிரதேசங்களைப் பாதுகாப்போருக்குப் பணம் வழங்கும் திட்டங்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். காட்டையும் மண்ணையும் ஊற்றையும் காப்பவர்களின் உழைப்புக்கு, அதனால் பயன்பெறுவோர் விலை கொடுக்க வேண்டும் என்ற கருத்தை முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பணம் காணி உரிமையாளரின் கைக்கே போக வேண்டும் என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். வேறு ஊர்களில் அது சரியாக இருக்கலாம். மலையகத்தில் அப்படிச் செய்தால் ஏழைகளுக்கு ஒரு சதமும் வந்து சேராது.

காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள சரிவுகளில் பெரும்பகுதி தேயிலை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் நோட்டன், லக்ஸபான பகுதி மின்நிலையங்களை ஓட்டிவிட்டுக் களனி கங்கையாகின்றன. அந்தக் களனி நீரைத்தான் அம்பத்தலேயில் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்நிலையத்துக்கும் தேயிலை மலைகளின் நீரே வருகிறது. இந்த மலைகளில் மண் அரித்து இறங்கினால் நீர்த்தேக்கத்தில் வண்டல் ஏறும். அதைத் தடுப்பது யார்? மழைநீர் வடியும் கான் வெட்டித் தூர் அள்ளுகிறவர்கள், ஓடைக்கரையில் புல்லை விட்டுவைக்கிறவர்கள், கல்வரம்பு சரிந்தால் திரும்பக் கட்டுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலானோரிடம் காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்) கிடையாது.

1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாகின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது. ஐந்தாறு தலைமுறையாக அதே லயனில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருப்பவருக்குத் தம் வீட்டு வாசலில்கூட உரிமை இல்லை. உரிமையைப் பார்த்துப் பணம் கொடுத்தால் அது கம்பனியின் கணக்கில் சேரும். கான் வெட்டியவருக்கு வழமையான நாட்சம்பளம்தான் மிஞ்சும். அனுமதிப்பத்திரத்தோடு மட்டும் கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் இதே காரணத்தால் விடுபட்டுப்போகும். அவர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கொஸ்தாரிக்கா 1997இல் எரிபொருள் வரியின் ஒரு பகுதியைக் கொண்டு காடு காப்போருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. முதலில் சட்டப்படியான உறுதி உள்ளவர்களே அதில் சேர முடிந்தது. பத்திரமில்லாத சிறு விவசாயிகள் வெளியே நின்றார்கள். பிறகுதான் விதிகளைத் தளர்த்தினார்கள். வியட்நாமின் வழி நமக்கு இன்னும் பொருந்தும். 2010ஆம் ஆண்டின் அரசாணைப்படி அங்கே நீர்மின் நிலையங்கள் ஓர் அலகு மின்சாரத்துக்கு 20 டொங் செலுத்தின; பின்னர் அது 36 டொங் ஆனது. அந்தப் பணம் மாகாண நிதியத்துக்குப் போய், அரச காட்டைக் காவல் காக்க ஒப்பந்தம் செய்துகொண்ட மலைக் குடும்பங்களுக்கும் போகிறது. நிலம் அவர்களுடையதா என்று கேட்பதில்லை, வேலையைப் பார்க்கிறார்கள். ஒரு குறையும் உண்டு: எந்த ஆற்றுப்படுகையில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறதோ அதற்கேற்பத்தான் தொகை அமைகிறது. இங்கேயும் அப்படிச் செய்தால், அணைக்கட்டு எதற்கும் நீர் கொடுக்காத ஓடைக்கரையில் வாழ்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. மலைநாடு முழுவதற்கும் ஒரே பொது நிதியம் இருப்பதே நியாயம்.

திட்டம் தீட்டுபவர்கள் லயன் அடுப்பங்கரையையும் எட்டிப் பார்க்க வேண்டும். கவ்வாத்து வெட்டிய மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் கத்தரித்த குச்சிகளை, அதன் தூரடியில் பரப்பி விட்டால் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது, ஈரம் தங்கும், அரிப்பு குறையும். இதை எல்லா விவசாய அதிகாரிகளும் சொல்வார்கள். ஆனால் அந்த மிலாறைத்தான் பெண்கள் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து அடுப்பெரிக்கிறார்கள். எரிவாயு சிலிண்டர் வாங்க முடியாத வீட்டில் வேறென்ன செய்வது? 'மிலாறைத் தொடாதே, ஓடைக்கரை மரத்தை வெட்டாதே' என்று தடை போட்டுவிட்டு வருடக் கடைசியில் சிறு தொகை கொடுத்தால், அந்தக் குடும்பம் முன்பைவிட ஏழையாகிவிடும். முதலில் மாற்று விறகுக்கு ஒதுக்குக் காணியோ எரிவாயுவுக்கு உதவியோ வரட்டும், கட்டுப்பாடு பிறகு வரட்டும். ஓடையோரத்து மரக்கறித் தோட்டங்களுக்கும் இதே நீதி. ஓய்வு பெற்றவர்களுக்கும் வேலை இழந்தவர்களுக்கும் மருந்துச் செலவைத் தருவது அந்த நாலு பாத்தி கரட்டும் லீக்ஸும்தான். அவற்றை ஓடையிலிருந்து சில அடி தள்ளிப் போடச் சொல்வதானால், இழந்த விளைச்சலுக்கு ஈடு கொடுங்கள்.

பணம் எப்போது வருகிறது என்பது தொகையைப் போலவே முக்கியம். நட்ட மரக்கன்று வேர்பிடித்து மண்ணைப் பிடிக்கச் சில வருடமாகும். அதுவரை காத்திருக்க வசதி உள்ளவர்களால்தான் முடியும். நாட்சம்பளத்தில் வாழ்பவர் ஒரு நாள் வேலையை விட்டுக் கன்று நடப் போனால் அன்றைய பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். ஆகவே முதல் வருடத்திலேயே பெரும்பங்கைக் கொடுக்க வேண்டும். கண்காணிப்பும் குடும்பத்தின் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். நீர்த்தேக்கத்தில் வண்டல் குறைந்ததா என்று அளந்து கூலி தீர்மானித்தால், மேலே யாரோ ரோட்டுக்கு மண் வெட்டியதற்கு இவர்கள் தண்டனை அனுபவிப்பார்கள். கான் தூர்வாரியிருக்கிறதா, நிலத்தில் மூடாக்கு இருக்கிறதா, கன்று உயிரோடிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒப்பந்தத்தைத் தோட்டத்துத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயருள்ளவரோடு மட்டும் செய்யக் கூடாது. இன்று லயன்களில் வசிக்கும் பலர் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் அல்லர். குடியிருக்கும் குடும்பத்தோடு, அதுவும் வீட்டுப் பெண்ணின் வங்கிக் கணக்கின் பெயரில் செய்யுங்கள். பத்துப் பதினைந்து வீடுகள் குழுவாகச் சேர்ந்தால் அலுவலகச் செலவும் குறையும். இன்னொன்று, இந்த வருமானத்தைக் காட்டி அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும உதவியை நிறுத்தக் கூடாது.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன்களை மூடியது. மழைநீர் போக வழியுள்ள சரிவு, நகரத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவதற்கு முன்பே, அதன் கீழே உறங்கும் பிள்ளைகளைக் காக்கிறது. அந்த வேலைக்குக் கூலி கேட்பதைச் சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

மின்கட்டணத் திருத்தங்களின்போது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. ஓர் அலகுக்குச் சில சதங்களை நீரேந்துப் பிரதேச நிதியமாக ஒதுக்க வேண்டும் என்று அங்கே எழுத்தில் கேட்கலாம். நமது தொழிற்சங்கங்களும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் சம்பளப் பேச்சுவார்த்தையில் காட்டும் அக்கறையோடு இதையும் எடுத்து, அடுத்த திருத்தத்துக்கு முன்பாகவே ஆணைக்குழுவிடம் கையளிக்கும்படி தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.